பள்ளிக்கூடப் படம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் திருநங்கை மாடல் ஒருவரைப் பற்றி முழுப்பக்கம் எழுதியிருந்தீர்கள். ஆசையாகத்தான் பிரித்தேன். பாதிப் பக்கத்தை அவருடைய பள்ளிக்கூடப் படமும் பழைய பெயரும் அறுவை சிகிச்சை விவரமும் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் எப்படி நடக்கிறார், எத்தனை ஷோ செய்திருக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

நான் 18 வருடமாக பேஷன் ஷோக்களில் மேடைக்குப் பின்னால் உடை திருத்திக் கொடுக்கிறவள். திருநங்கைகள் பலருக்கு ஊக்கு குத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒருவருக்குத் தோள் பக்கம் அரை இஞ்ச் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதே ஷோவில் இன்னொரு பெண்ணுக்கு, அவர் திருநங்கை அல்ல, முக்கால் இஞ்ச் பிரித்தேன். மாதிரி உடைகள் எல்லாம் ஒரே அளவில் தைக்கப்பட்டு வரும். யாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் கிரீன் ரூமுக்குள் வந்த நிருபர் அரை இஞ்ச் பிரித்த பெண்ணிடம்தான் நேராகப் போனார். "உங்க உண்மையான பேர் என்ன?" என்றார். அவர் தன் பெயரைச் சொன்னார். "அது இல்லங்க, நிஜப் பேர்" என்று மறுபடி கேட்டார். உடம்பெல்லாம் குண்டூசி, நகரக்கூட முடியாமல் அந்தப் பெண் நின்றிருந்தார். நிருபர் போன பிறகு, "நீங்க குத்துங்க அக்கா, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேட்டி எங்கேயோ தேடிப்பிடித்த பழைய பெயரோடு வெளியானது. பேசி முடித்திருந்த கைக்கடிகார விளம்பரம் ஒன்று அந்த வாரமே கைவிட்டுப் போனது.

இந்தத் தொழிலில் இது புதிதல்ல என்பதால்தான் எழுதுகிறேன். பிரிட்டனில் வோக் என்ற பேஷன் இதழுக்கு மாடலாக இருந்த ஏப்ரல் ஆஷ்லியின் கடந்த காலத்தை 1961ல் ஒரு ஞாயிறு பத்திரிகை வெளியே போட்டது. அதோடு வேலை நின்றது. அமெரிக்காவில் 1970களில் டிரேசி நார்மனின் முகம் கிளெய்ரால் தலைமுடிச் சாயப் பெட்டியில் இருந்தது. 1980 வாக்கில் ஒரு பத்திரிகைக்கான படப்பிடிப்பில், அவர் திருநங்கை என்று யாரோ அந்தப் பத்திரிகை ஆசிரியர் காதில் போட்டார்கள். அப்புறம் அமெரிக்காவில் அவருக்கு வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. அதே கிளெய்ரால் விளம்பரத்துக்கு அவர் திரும்பி வந்தது 2016ல். ஒரு மாடலுக்கு அத்தனை வருடம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

தானே சொல்வது வேறு. ஜீனா ரொசேரோ பல வருடம் மாடலிங் செய்த பிறகு, தான் திருநங்கை என்று 2014ல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் தானே சொன்னார். இன்னொரு மாடலான டெடி குவின்லிவனும் 2017ல் தானே சொன்னார். அந்த நாளையும் வார்த்தையையும் தேர்ந்தெடுத்தது அவர்கள்.

'முதல் திருநங்கை' என்ற தலைப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019ல் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற உள்ளாடை நிறுவனம் திருநங்கை மாடலான வாலென்டினா சம்பாயோவைத் தேர்ந்தெடுத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்களுக்குத் தெரியும், வயிற்றைக் காப்பாற்றுவது முதல் ஷோ அல்ல. பத்தாவது, இருபதாவது ஷோ. அதற்குக் கூப்பிடுகிறார்களா, பேசிய சம்பளத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறார்களா, உடை மாற்ற ஒரு திரையாவது கட்டித் தருகிறார்களா? உங்கள் நிருபர்கள் இதைக் கேட்டு எழுதினால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

மாடல் என்றால் கையில் போர்ட்ஃபோலியோ இருக்கும். எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கம் திரும்பினால் முகம் எப்படி வரும் என்று தெரிந்து, மணிக்கணக்கில் நின்று எடுத்த படங்கள். அடுத்த முறை அதிலிருந்து ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கிப் போடுங்கள். இணையத்தில் இருக்கும் அந்தக் கட்டுரையிலிருந்து பள்ளிக்கூடப் படத்தையும் பழைய பெயரையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
தையல் கலைஞர்