பிள்ளைகள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பதின்வயதுப் பிள்ளைகளிடம் தலைமைப் பண்பை வளர்க்கக் கோடை விடுமுறையில் பயிற்சி முகாம்கள் நடத்த வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேடையில் ஒருவர் பேச, கீழே பிள்ளைகள் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் முகாமால் இது வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தானே முடிவெடுத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று கையில் இருந்தால்தான் வரும். அந்த வேலையைத்தான் நாம் கொடுப்பதில்லை.

நம் கொங்குப் பகுதியில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ன நடக்கிறது? வசதி உள்ளவர்கள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே எழுவதற்கும் சாப்பிடுவதற்கும் படிப்பதற்கும் மணி அடிக்கும். வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளையிடமும் "நீ படி சாமி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். சரி, பதினேழு வயதில் பேங்க் சலான் ஒன்றைத் தனியாக நிரப்பியிராத பிள்ளை, படிப்பு முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய் இருபது பேரை எப்படி வேலை வாங்கும்?

பள்ளியிலும் மாணவர் தலைவர் பேட்ஜ் முதல் மார்க் எடுப்பவருக்கே போகிறது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தையும் கவனித்து வந்தேன். காந்தி நூற்றாண்டான 1969-ல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கி, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. அதன் ஏழு நாள் முகாமில் மரம் நடுவதும் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதும் வெளியே தெரியும். ஆனால் பிள்ளைகள் மாறுவதை நான் பார்த்தது சமையல்கட்டில்தான்.

ஒருமுறை அந்தியூர் பக்கம் முகாம். வகுப்பில் வாயே திறக்காத ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தியிடம் சாப்பாட்டுச் செலவுப் பணத்தைக் கொடுத்து, "என்ன சமைக்கறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ கண்ணு, கணக்கும் நீதான் எழுதணும்" என்றேன். பாதி முகாமிலேயே காய் விலை ஏறிப் பணம் இழுத்துக்கொண்டது. என்னிடம் வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, ராத்திரிக்குப் பொரியலும் அப்பளமும் கிடையாது, அரிசிம்பருப்புச் சோறு மட்டும்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ப்ளஸ் டூ பையன்கள் முணுமுணுத்தார்கள். நோட்டை எடுத்து நீட்டி, "இதுல அப்பளத்துக்குக் காசு எங்க இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள். அதில் அதிகம் சத்தம் போட்டவன் மறுநாள் அவளோடு சந்தைக்குப் போய்ப் பேரம் பேசிக் காய் வாங்கி வந்தான். கசப்பான செய்தியை நேரே சொல்வது, கணக்கைத் திறந்து காட்டுவது, எதிர்த்தவனையே கூட்டாளியாக்குவது என்று அவளுக்கு எத்தனை பாடம்! ஒன்றையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரியவர்களுக்குத்தான் இதில் பொறுமை வேண்டும். பிள்ளை கொஞ்சம் தடுமாறியதும் "நகரு, நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொள்ளக் கூடாது. பணம் பத்திரமாக இருக்கிறதா, யாருக்கும் அடிபடாமல் இருக்கிறதா என்று கண் வைத்திருங்கள். மற்றபடி குழம்பில் உப்பு கூடினால் கூடிவிட்டுப் போகட்டும்.

நம் ஊர்களில் இது ஏற்கெனவே நடக்கிற இடமும் உண்டு. வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தக் கும்மியை இன்று ஊர் ஊராகப் பழகுகிறார்கள். ஆட்டம் சீக்கிரம் பிடிபட்ட சிறுமி, அம்மா வயதுப் பெண்களுக்கு அடி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களும் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம், கிராம சபை. இப்போது நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உறுப்பினராக 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்றாலும், வந்து உட்கார்ந்து கவனிக்கப் பிள்ளைகளை அழைக்கலாமே. தாளவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே குழந்தைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டுகிறார்கள்.

நம் கிராம சபையில் பேச விஷயமும் இருக்கிறது. பவானி உபரி நீரை ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. இதற்காக நம் பெரியவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குரல் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு குளத்தையும் யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளியின் ப்ளஸ் ஒன் மாணவர்களிடம் அதை ஒப்படைக்கலாம். வாரம் ஒருமுறை கரையில் நின்று, தண்ணீர் வந்ததா, எவ்வளவு நிற்கிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று குறித்துவைத்து, அடுத்த கிராம சபையில் அவர்களே எழுந்து வாசிக்கட்டும். குழுத் தலைவரை மார்க் பார்த்து நியமிக்காமல் அவர்களே முறைவைத்து மாற்றிக்கொள்ளட்டும்.

உங்கள் இதழ் இந்தக் குளங்களின் பட்டியலை ஊர்வாரியாக வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். இங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறோம். எந்தப் பள்ளிக்கு எந்தக் குளம் பக்கம் என்று பிரித்துக்கொண்டு, தலைமையாசிரியர்களை நாங்களே நேரில் போய்ப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பெருந்துறை.