பழனிக்கு நடக்க நினைக்கும் என் அக்காள் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நாலு நாள் லீவில் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடந்துவிட முடியுமா என்று கேட்டிருந்தாய். நீ நடக்க நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் முழு தூரமும் வேண்டாம். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகும் அந்தப் பாதை 160 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதை நாலு நாளில் அடைத்தால் நாளுக்கு 40 கிலோமீட்டர். முதல் தடவை நடப்பவனின் கால் அதைத் தாங்காது. தாங்கினாலும் மனசு முருகனிடம் இருக்காது, அடுத்த கிலோமீட்டர் கல்லில்தான் இருக்கும்.

காவடியும் இப்போது வேண்டாம். நம் நகரத்தார் காவடி பழனிக்குப் போவதோடு முடிவதில்லை, திரும்பவும் நடந்தே வரவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். அது கிடைக்கிற வருஷம் எடுத்துக்கொள்.

2027 தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு எப்படியும் ஊருக்கு வருவாய். 16ஆம் தேதி சனிக்கிழமை குன்றக்குடி மலையேறி சண்முகநாதரிடம் சொல்லிக்கொண்டு, பஸ்ஸில் நத்தம் போய்ப் படுத்துவிடு. ஞாயிறு விடியுமுன் நட. நத்தத்திலிருந்து திண்டுக்கல் 37 கிலோமீட்டர் போல, அதை இரண்டு நாளாக்கு. அதற்குள் கால் பழகிவிடும். செவ்வாய் ஒட்டன்சத்திரம், புதன் பழனி. இந்த இரண்டு நாளும் முப்பது முப்பது வரும். வியாழன் அதிகாலையில் படியேறி தரிசனம். பூசத்தன்று தேர் பார்க்க ஆசை இருக்கும்தான். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றே நாள் போய்விடும், உனக்கோ வெள்ளிக்கிழமை ஆபீஸ். 693 படியையும் நிதானமாக ஏறவேண்டும் என்றால் வியாழன்தான் சரி.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கால்தான் முக்கியம். செருப்பில்லாமல் நடப்பதாக இருந்தால் கார்த்திகையிலேயே தார் ரோட்டில் பழக ஆரம்பி. காலை ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட்டிக்கொண்டே போ. பழகவில்லை என்றால் செருப்போடு நட, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். தை மாதம்தானே என்று நினைக்காதே, பதினொரு மணிக்கு மேல் தார் சுடும். கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே, உராய்கிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டு. இருட்டில் நடக்கும்போது முதுகில் ஒளிரும் பட்டை கண்டிப்பாக இருக்கவேண்டும், லாரி வரும் ரோடு அது. சாப்பாட்டைச் சுமக்காதே. வழி நெடுக அன்னதானப் பந்தல் இருக்கும், இலை போட்டுக் கூப்பிடுவார்கள். கூச்சப்படாமல் உட்கார்.

குன்றக்குடியிலிருந்து நத்தம் வரைக்கும் பாக்கி இருக்கிறதே என்று வருத்தப்படாதே. அதை வேறொரு வருஷம் சேர்ந்தே நடப்போம். லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, ஆத்தாளிடமும் சொல்லிவிடு. அவள் பயந்தால் என்னிடம் பேசச் சொல்.

உன் அம்மான்,
காரைக்குடி