தாத்தாவைக் கல்நெஞ்சன் என்று சொன்ன அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

தாத்தா திதிக்கு வராததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். லீவு இல்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் வந்திருந்தால் நம் பனந்தோப்புக்காகக் கையெழுத்துக் கேட்டு நீங்கள் அந்தத் தாளை நீட்டியிருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பந்தியில் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தீர்களாம். "பொண்டாட்டி பொணம் கெடக்க, பனையேறப் போன மனுசன்." தாத்தாவைப் பார்த்தே இராத பிள்ளைகள் எல்லாம் அந்தப் பந்தியில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தாத்தா என்றால் இனி இதுதான். எல்லார் முன்னாலும் சொன்னதற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பேச்சில் குறுக்கே விழாதே என்று அப்பா சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அப்பாவும் இல்லை.

1988 பங்குனி. நீங்களும் மாமாவும் நாசரேத்திலிருந்து வந்து சேரும்போது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. அதற்கு முன்னால் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இறந்துகிடந்த ஆச்சி தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாத்தா இருட்டோடு எழுந்தார். தளைநார், முருக்குத்தடி, அருவாப்பெட்டி என்று பனையேறுகிற சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் பனந்தோப்பான விளைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். எனக்குப் பதினோரு வயசு. துட்டி வீட்டில் என்னை யார் தேடப்போகிறார்கள்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பனம்பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பதநீர் நின்றுபோகும். தை, மாசியில் ஒவ்வொரு பாளையாகக் கடிப்பு வைத்து இடுக்கிப் பக்குவப்படுத்தினதெல்லாம் வீண். பங்குனியும் சித்திரையும்தான் நன்றாக ஊறுகிற காலம். அந்தப் பருவத்துக் காசில்தான் மழைக்காலத்து அரிசி. தாத்தா கையில் நாற்பது மரம் இருந்தது, காலையும் மாலையும் ஏற்றம். மரத்துக்கு ஐம்பது அடி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு நாலாயிரம் அடி ஏறி, நாலாயிரம் அடி இறங்கியிருக்கிறார். ஒரு பருவம் முழுக்க, வெறும் நெஞ்சை மரத்தில் தேய்த்துக்கொண்டு.

அன்றைக்கு மேலே ஓலை உரசுகிற சத்தமும் அருவாள் சீவுகிற சத்தமும்தான் எனக்குக் கேட்டது. இறங்கி வந்தார். குடுவையில் இருந்த பதநீரை அப்படியே மரத்து மூட்டில் கவிழ்த்தார். தேரி மண் குடித்துவிட்டது. அடுத்த மரத்திலும் அதே மாதிரி. "ஏன் தாத்தா கொட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"காய்ச்ச யாரு இருக்கா" என்றார்.

அவ்வளவுதான் அவர் பேசினது. நாற்பது மரத்துப் பதநீரையும் கொட்டினார் அத்தை. ஒரு சொட்டு வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒரு பாளையைக்கூடச் சீவாமல் விடவில்லை. கொட்டுகிறதுக்குத்தானே போகிறது என்று விடாமல் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவித்தான் திரும்பக் கட்டினார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால் கள்தான், வழக்குதான். அந்த விடியலிலும் அந்தப் பயம் அவரை விடவில்லை. ஒரு மரத்தில் மட்டும் ரொம்ப நேரம் மேலேயே இருந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. அழுதாரா என்று கேட்காதீர்கள். கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் திரும்பும்போது ஆச்சியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்கு ஆள் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சில் இருந்த சிராய்ப்பையும் கையில் இருந்த சுண்ணாம்பையும் ஊரே பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள். அப்போது நீங்கள் கத்தினதில் தப்பே இல்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்? அதையே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த வருஷம் ஆடி வரைக்கும் விடிலிக் குடிசையில் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சினது நீங்கள்தான். கைப்பிள்ளையோடு வந்து இருந்தீர்கள். உடைமுள்ளைத் தள்ளித் தள்ளி எரித்து, பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, துடுப்பைக் கைமாற்றக்கூட ஆளில்லாமல் கிண்டினீர்கள். பாகு தெறித்த தழும்பு இப்போதும் உங்கள் வலது கையில் இருக்கிறது. சிரட்டையில் ஊற்றின பிறகு தாச்சியில் ஒட்டினதைச் சுரண்டி எனக்குத்தான் முதலில் கொடுப்பீர்கள். இந்தக் குடும்பத்தில் உங்களைப் போல் உழைத்த மனுஷி கிடையாது. அதை எங்கேயும் சொல்வேன்.

ஆனால் காய்ச்சுவதற்குப் பதநீர் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அவர் ஏறாமல் இருந்திருந்தால் எதைக் காய்ச்சியிருப்பீர்கள்? ஆச்சி வைத்தியத்துக்கு வாங்கின கடன் அந்தக் கருப்பட்டியில்தான் அடைந்தது. இதை நீங்கள் ஒரு பந்தியிலும் சொன்னதில்லை.

தாத்தா சாவையும் பந்தியில் யாரும் பேசுவதில்லை, பேசுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லாததால் இருக்கலாம். 2003 ஐப்பசி, அடைமழை, நாலு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் அவர் நெஞ்சில் இருந்த காய்ப்பைத் தொட்டுப் பார்த்து, இது எத்தனை நாளாக இருக்கிற தோல் நோய் என்று கேட்டார். மரம் ஏறினது என்று அப்பா சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. தாத்தா சிரித்தார், அதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அவர் போட்டோ என்று நம்மிடம் இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ளது ஒன்றுதான். பள்ளிக்கூடம் போகவில்லை, திருநெல்வேலிக்கு அப்பால் எந்த ஊரும் பார்க்கவில்லை. அவருக்கென்று மிஞ்சினது அந்த விளையும் ஒரு சொல்லும்தான். அந்தச் சொல் கல்நெஞ்சன் என்பதாக இருக்க வேண்டாம் அத்தை.

சரி, விளை விஷயம். யாருக்கு என்ன பங்கு, யார் எப்போது விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். சொந்தக்காரர்கள் படிப்பார்கள். உங்களுக்கு ஏன் இப்போது பணம் தேவைப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும், அதுவும் இங்கே வேண்டாம்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டின பிறகு நம் பக்கத்து நிலத்தைக் கேட்டு ஆள் வருவது புரிகிறது. செங்கல் சூளைக்கு மரத்தைக் கேட்பது எப்போதும் உள்ளதுதான். ஏற ஆளில்லாத மரம் நின்று என்ன செய்ய என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு மரம் ஏறத் தெரியாது, என் பிள்ளைக்குப் பதநீர் ருசிகூடத் தெரியாது. அதனால் மரத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று நீங்கள் சொன்னால் தலையாட்டத்தான் முடியும். இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். நாம் தாளில் எழுதிக்கொடுத்தாலும் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-லேயே அரசு அறிவித்திருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்காமல் முன்பணம் வாங்கியது யார் யோசனை என்று எனக்குத் தெரியும். உங்கள் யோசனை இல்லை.

அந்த முன்பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன். உங்கள் தேவைக்கும் முடிந்ததைத் தருகிறேன். அதைக் கடன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பொங்கலுக்கு வருகிறேன். ஏறுகிற ஒருவரைத் திசையன்விளைப் பக்கம் விசாரித்து வைத்திருக்கிறேன். பாட்டத்துக்கு வர ஒத்துக்கொண்டால் விளையை அவரிடம் விடலாம், நமக்கு வருகிற கருப்பட்டி முழுக்க உங்களுக்கு. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் என் பதில் இதுதான். கோபம் இருந்தால் போனை எடுக்க வேண்டாம், நான் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகன்