இமொய்னுவுக்கு லட்சுமி பட்டம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மணிப்பூர் மெய்தெய் மக்களின் வீட்டுத் தெய்வமான இமொய்னுவைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் தலைப்பில் ‘மணிப்பூரின் மகாலட்சுமி’ என்று போட்டதுதான் உறுத்துகிறது. செல்வம் தருகிறவள், வீட்டைக் காக்கிறவள், அதெல்லாம் சரி. ஆனால் அவள் இருப்பிடம் அடுப்பங்கரை. வாக்சிங் மாதம் 12ஆம் நாள், நமக்கு மார்கழி, தை ஒட்டி வரும், அன்றைக்கு அடுப்பைச் சுத்தம் பண்ணி விளக்கேற்றி, சோறு, காய்கறியோடு மீனும் சமைத்துப் படைக்கிறார்கள். சரெங் என்கிற மீனுக்கு அன்றைக்குத் தனி மவுசு, வேறொன்றுமில்லை, நம்ம ஆற்று வாளைதான். மகாலட்சுமிக்கு வாளைக் குழம்பு படைக்கிற வீடு தஞ்சாவூர்ப் பக்கம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

18ஆம் நூற்றாண்டில் கரீப் நிவாஸ் என்கிற மணிப்பூர் அரசர் வைணவத்தைத் தழுவி, புயா என்கிற மெய்தெய்களின் பழைய சுவடிகளை எரிக்கச் சொன்னார். அப்புறமும் வீட்டு மூலையில் அவர்களுடைய இன்னொரு தெய்வமான சனாமகியும் அடுப்படியில் இமொய்னுவும் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். அரசர் உத்தரவு அடுப்படி வரைக்கும் எங்கே வரப்போகிறது! அப்படித் தாக்குப்பிடித்தவளுக்கு நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு வேறு பெயர் வைப்பது நியாயமா?

நம்ம பக்கமும் இது புதிதில்லை. என் அம்மா வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சாம்பலை அள்ளிப்போட்டு, கொடியடுப்பையும் சேர்த்துச் சாணியால் மெழுகி, ஈரம் காய்வதற்குள் மூன்று குமிழுக்கும் மாவில் ஒரு இழை இழுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் பற்றவைப்பாள், யாரம்மா சாமி என்றால் ‘அடுப்புதான், வேற யாரு’ என்பாள். காஸ் அடுப்பு வந்ததும் அந்தச் சாமி போய்விட்டது, பெயர் இல்லாததால் ஒருவரும் தேடவும் இல்லை. அவர்களுடையது பெயரோடு இருக்கிறது, அதையாவது விட்டுவைப்போமே.

இன்னொன்று. 2023 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு மணிப்பூர் என்றால் துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு, இது தவிர நம் பத்திரிகைகளில் ஒன்றும் வருவதில்லை. வீடு எரிந்து முகாமுக்குப் போன பெண்கள் இமொய்னுவுக்கு எந்த அடுப்பில் படைத்தார்கள் என்று அங்குள்ள ஒரு பெண்ணையே எழுதச் சொல்லி வாங்கிப் போடுங்கள். மீன் விஷயத்தை வெட்டிவிடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவையாறு