நோயைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்க்கும் மருத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத்தில் பாகுபாடு என்றதும், நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கொடுமைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கனடாவில் பூர்வகுடி மக்கள் இருவருக்கு நேர்ந்த மரணங்களைப் படித்தால், அது எவ்வளவு சத்தமில்லாமல் உயிரைப் பறிக்கும் என்பது விளங்கும்.

2008 செப்டம்பரில், இரு கால்களையும் இழந்த பிரையன் சின்க்ளேர், வின்னிபெக் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சக்கர நாற்காலியில் 34 மணி நேரம் காத்திருந்து, எளிதில் குணப்படுத்தியிருக்கக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்றால் அங்கேயே இறந்தார். அவரை யாரும் விரட்டவில்லை. குடித்துவிட்டு வந்திருப்பார், தங்க இடமில்லாமல் ஒதுங்கியிருப்பார் என்று ஊழியர்கள் தாமாகவே எண்ணிக்கொண்டது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. 2020இல் கியூபெக் மாகாணத்தின் ஜோலியெட் மருத்துவமனையில், ஏழு குழந்தைகளின் தாயான ஜாய்ஸ் எஷாகுவான், ஊழியர்கள் தம்மை இழிவாகப் பேசியதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டினார். சிறிது நேரத்தில் உயிரிழந்தார். போதைப் பழக்கம் உள்ளவர் என்று அவருக்குக் குத்தப்பட்ட முத்திரை, நுரையீரலில் நீர் கோத்திருந்ததைப் பார்க்கவிடாமல் மறைத்துவிட்டது. இனவெறியும் முன்முடிவும் இம்மரணத்துக்கு ஒரு காரணமாயின என்று மரண விசாரணை அதிகாரி 2021இல் எழுதினார்.

இரண்டிலும் நடந்தது ஒன்றே: பரிசோதித்து அறிய வேண்டியதை, இன்ன மக்கள் இப்படித்தான் என்ற எண்ணமே முடிவுசெய்துவிட்டது. அப்படி எண்ணியவர்களில் பலர் தம்மை நல்லவர்களாகவே கருதியிருப்பார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எனவே ஓரிருவரைப் பணிநீக்கம் செய்வதோடு இது தீராது. பயிற்சியிலேயே மாற்றம் வேண்டும். மருத்துவ, செவிலியர் மாணவர்கள் அனைவரும் பூர்வகுடி மக்களின் வரலாற்றையும் அவர்களுடைய குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளின் கொடுமையையும் கட்டாயப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று அப்பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இலேயே கேட்டது. அதன் 94 கோரிக்கைகளில் இது 24ஆவது. ஜாய்ஸ் இறந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

அவருடைய அட்டிகமேக் என்ற பூர்வகுடிச் சமூகத்தினர், பாகுபாடற்ற சிகிச்சைக்கான உரிமையை 'ஜாய்ஸ் கோட்பாடு' என்ற பெயரில் எழுதி அரசிடம் அளித்தனர். குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்ட கியூபெக் அரசு, அமைப்பிலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மறுத்து, அக்கோட்பாட்டை ஏற்கவில்லை. நடந்த தவறை அதன் பெயரால் அழைக்கவே தயங்கும் அரசோடு அந்த மக்கள் எப்படி நல்லிணக்கம் கொள்வார்கள்? கனடாவில் மருத்துவராகவும் செவிலியராகவும் பணியாற்றும் நம்மவர்கள், தத்தம் மருத்துவமனைகள் அக்கோட்பாட்டை ஏற்கும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியே வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்