மலைச்சரிவில் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைத் தடுத்து, மழைக்கால ஓட்டப் பந்தயங்களை நிறுத்தக் கோரும் மனு

பெறுநர்: மலைக் காப்பு நிலப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

அனுப்புநர்: கோர் தெ கார்த் மலையடிவாரக் குடியிருப்போரும் காய்கறித் தோட்டக்காரர்களும், காத்ர் போர்ன், மொரீஷியஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது குறித்து நாங்கள் முன்பு பலமுறை அளித்த மனுக்களுக்குப் பதில் ஏதும் வராததால், மீண்டும் தங்கள் மேலான கவனத்தை வேண்டுகிறோம். முருகன் கோவிலுக்கு அப்பால் தொடங்கி முகடு நோக்கி ஏறும் பாதையைத் தாங்கள் நன்கறிவீர்கள். தைப்பூசக் காவடி ஏற்பாடுகளின்போது தாங்களே அங்கு வந்து நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

1. அது ஒற்றையடிப் பாதையாக இருந்தவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நடந்து மலையேற வருபவர்களை நாங்கள் தடுப்பவர்களும் அல்லர். இப்போதோ ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிள்கள் சரிவில் நேராக ஏறி நேராகவே இறங்குகின்றன. ஓட்டப் பந்தய நாட்களில் பெருங்கூட்டம் ஈர மண்ணில் ஓடுகிறது; ஒவ்வொருவரும் சேற்றை விட்டு ஒதுங்கி ஓடுவதால் பாதை இருபுறமும் அகன்றுகொண்டே போகிறது.

2. எங்களை மிகவும் வதைப்பது கீழே வந்து சேரும் சேறுதான். புல்லும் புதரும் அழிந்து மண் இறுகிவிட்டதால், மழைநீர் நிலத்தில் இறங்க வழியின்றி, டயர் கிழித்த தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு பாய்கிறது. அத்தடம் சில இடங்களில் முழங்கால் ஆழம் இருக்கிறது. மரவேர்கள் வெளியே தெரிகின்றன. கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டினாலே செம்மண்ணும் கல்லும் உருண்டு வந்து வடிகாலை அடைத்துக்கொள்ள, மீதி எங்கள் கத்தரி, மிளகாய், வெண்டைப் பாத்திகளின் மேல் படிகிறது. வெயில் பட்டதும் அது ஓடுபோல் காய்ந்துவிடுகிறது. மண்வெட்டியால் பெயர்த்தால் நாற்றும் சேர்ந்தே வருகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியில் தலைநகரத் தெருக்களில் வெள்ளம் புகுந்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அன்று எங்கள் சமையலறைகளில் நின்ற சேற்றைப் பார்க்க ஒருவரும் வரவில்லை, ஐயா. எழுபது வயதைக் கடந்தவர்கள் வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினார்கள். அதற்குப் பின்னும் மழைக்கு மழை இதே வேலைதான். விதைக்குக் கொடுத்த பணமும் போய், மறுவிதைப்புக்கு உரிய பருவமும் போய்விடுகிறது.

3. “மழை பெய்தால் மண் வரத்தான் செய்யும்” என்று தங்கள் அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் பாட்டனார் காலத்திலும் மழை பெய்தது. மண் வரவில்லை.

4. 1983-ஆம் ஆண்டின் காடுகள், காப்பு நிலங்கள் சட்டம் மலைக் காப்பு நிலங்களைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. இம்மலையில் இயற்கைக் காப்பகமும் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட திரொக்கேசியா பார்விஃப்ளோரா என்னும் செடி 2001-இல் மீண்டும் கண்டறியப்பட்டது இங்கேதான். (அது எந்தப் பாறையில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் நாங்கள் சொல்வதில்லை.) மண் கிளறப்பட்ட இடங்களிலோ சீனக் கொய்யாவும் முட்புதரும் மண்டிக்கொள்கின்றன, சொந்த மண்ணின் செடிகளுக்கு இடம் இல்லாமல் போகிறது. வாசலில் ஓர் அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் பாதுகாப்பா? அந்தப் பலகையின் மீதே சக்கரச் சேறு தெறித்திருக்கிறது, வந்து பாருங்கள்.

ஆகவே, பாதையின் தொடக்கத்தில் பெரும் பாறைகளை இட்டு, நடப்பவர் மட்டும் நுழையும்படி மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க வேண்டும். கோடைமழை பெய்யும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அச்சரிவில் எந்த ஓட்டப் பந்தயத்துக்கும் அனுமதி தரக்கூடாது. மற்ற மாதங்களில் தந்தால், பாதையைச் சீரமைக்கும் செலவை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே வைப்புத்தொகையாக வாங்க வேண்டும். அரித்த தடத்தின் குறுக்கே சாய்வாகக் கல்வரிசை அமைத்து நீரைப் புதர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். கல் சுமக்க எங்கள் இளைஞர்கள் தயார். தங்கள் அனுமதி ஒன்றுதான் வேண்டும். அனுமதியின்றி நாங்கள் ஒரு கல்லை நகர்த்தினால் மட்டும் தங்கள் ஆட்கள் உடனே வந்துவிடுவார்கள் என்பதையும் அறிவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாங்கள் நேரில் வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கோடைமழைக்கு முன் மோட்டார் சைக்கிள்களையாவது தடுத்துத் தாருங்கள், ஐயா. இம்மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் ஒரு பதிலும் அளிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவாரக் குடியிருப்போரும் தோட்டக்காரர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)