குங்குமத்தின் நிறம் கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்திலும், என் அலுவலகத்திலும், நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலும் 2021 முதல் எனக்குத் துணை நின்றவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். உதவி என்றதும் பணமும் இரத்தமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பெற்றது வேறு வகை. எனக்குள்ள மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், வந்திருப்பது புதிய தாக்குதலா, பழைய காயத்தின் தொல்லையா என்று பிரித்தறிய நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் வலக்கண்ணில் தொடங்கியது. விழியை அசைத்தால் வலித்தது. இரண்டே நாளில் பார்வை புகை படிந்தாற்போல் ஆயிற்று. முதலில் சென்ற இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழற்சி பார்வை நரம்பின் பின்பகுதியில் இருந்தால், ஒளி பாய்ச்சிப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒன்றும் தென்படாமல் போகலாம் என்று பின்னர் அறிந்தேன். ஆனாலும் வீணான அந்தப் பத்து நாட்களைப் பற்றிய கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. நான்காம் மாடியில் வசிக்கும், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நாகர்கோவில் அக்காதான் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெற்றிக் குங்குமம் என்ன நிறம் என்று கேட்டார். இடக்கண்ணுக்குச் சிவப்பாக இருந்த அதே குங்குமம் வலக்கண்ணுக்குப் பழைய செங்கல் நிறமாகத் தெரிந்தது. மறுநாளே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகிறது என்பதும், தாக்கும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும் என்பதும் அங்கேதான் புரிந்தன. 2022 நவம்பரில் வந்த இரண்டாம் தாக்குதல் முதலாவதைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை. விலா எலும்பைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோல் ஓர் இறுக்கம். இடுப்புக்குக் கீழே மரமரப்பு. தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு நெடுக மின்சாரம் பாய்ந்தது. நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 5 நாட்கள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்புச் சுவை, இரவெல்லாம் விழிப்பு. அந்த ஐந்து நாட்களும் மிளகு ரசம் கொடுத்தனுப்பிய இரண்டாம் மாடிக் குடும்பத்தாருக்கு என் வணக்கம். நாக்கில் ஒட்டியது அது ஒன்றுதான். ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்துமே தவிர, இறுதியில் எந்த அளவுக்கு மீள்வோம் என்பதை மாற்றுவதில்லை என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னதற்காகவும் நன்றியுடையேன். தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கத் தொடர்ந்து எடுக்கும் மருந்து வேறு.

நான் அதிகம் எழுத விரும்புவது 2024 மே மாத இறுதியைப் பற்றித்தான். வெளியே 45 டிகிரியைத் தாண்டிய வெயில், லூ எனும் வட இந்திய அனல் காற்று, போதாததற்கு இரவில் மின்வெட்டு. காலையில் எழுந்தபோது கால்கள் துவண்டன, வலக்கண் மீண்டும் மங்கியது. சக்கர நாற்காலி வரை மனம் போய்விட்டது. அக்கா வந்து, “மக்ளே, முதல்ல காய்ச்சல் இருக்கான்னு பாப்போம், அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்” என்று வெப்பமானியை வைத்தார். 101 இருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அன்றே சிறுநீர்ப் பரிசோதனை, அதில் தொற்று. தொற்றுக்கு மருந்து, நெற்றியிலும் பிடரியிலும் ஈரத்துணி, பக்கத்து வீட்டார் தந்த நான்கு ஐஸ் ஜெல் பொட்டலங்கள். மூன்றாம் நாள் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். காய்ச்சலைப் பாராமல் ஸ்டீராய்டு கேட்டு ஓடியிருந்தால், தொற்று மேலும் முற்றியிருக்கக்கூடும்.

“மழை பெய்தால் மிண்டோ பாலத்தடியில் தண்ணீர் நிற்கும், அதற்காக அங்கே புதிய பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருளில்லை” என்று மருத்துவர் அதை விளக்கினார். உறை தேய்ந்த நரம்பில் உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே செய்தி தடைப்படலாம். சூடு தணிந்தால் திரும்பும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊதாஃப் 1890இலேயே குறித்துவைத்த நிகழ்வு இது. புதிய தாக்குதல் என்று கொள்ள, அறிகுறி 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கக்கூடாது, முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். அந்த 24 மணி நேரம் வாய்மூடிக் காத்திருப்பதற்கானது அன்று. தகவல் சொல்லிவிட்டுக் கவனித்திருப்பதற்கானது.

அப்படிக் கவனிப்பதற்காக அக்கா தொடங்கியதுதான் நாள்காட்டிக் கணக்கு. கிழித்த ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும், எந்த உறுப்பு, எத்தனை மணி, உடல் வெப்பம், தூக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிவைப்பார். இளம் மருத்துவருக்கு அவற்றை இந்தியில் வாசித்துக் காட்டுவது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். ராகு காலத்தை நோய் அறிகுறி என்று எண்ணி ஒருமுறை அதையும் சேர்த்து வாசித்துவிட்டாள்.

அலுவலகத்தில் “நேற்று நன்றாகத்தானே நடந்தாய்?” என்ற கேள்வி என்னைப் பல முறை குன்ற வைத்திருக்கிறது. அதற்கு நான் விடை சொல்லத் தேவையில்லாதபடி, என் மேசையைக் குளிர்சாதனத்தின் அருகே மாற்றிய இரு தோழியருக்கும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இந்நோயும் இருப்பதைக் காட்டிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தந்த கணக்குப் பிரிவு அண்ணாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு வரை, என் நடையைப் பார்த்தே வண்டியை மெதுவாக நிறுத்தும் ஆட்டோக்காரருக்கு இம்மடலை வாசிக்கத் தெரியாது, மகள் சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஜெல் பொட்டலங்களில் மூன்றைத் திருப்பித் தந்துவிட்டேன். நான்காவது எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது; செப்டம்பர் வரை அங்கேயே இருக்க அனுமதிப்பீர்களாக.

நன்றியுடன்,
மூன்றாம் மாடியிலிருந்து